முப்பத்தெட்டுன்னு காட்டுன முள்ளு

இல்லம்மா, டிரைவர் சார்ஜ் போடாம எல்லாம் வரல. போட்டாரு. அந்தக் கடைசி ஸ்டாண்டுல வண்டிய ஓரம் கட்டிட்டு, பின்னாடி போயி தடியா ஒரு கரண்டு ஒயரை மாட்டிட்டு நின்னாரே, அது வேற என்னவாம்? நீங்க கூடத்தான் சத்தம் போட்டீங்க, ஏறி உக்காந்து எவ்வளவு நேரம், பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமான்னு. ஐயையோ, உங்களைக் குத்தம் சொல்லல. எல்லாருந்தான் கத்துனாங்க. அந்தக் கூலிங் கிளாஸ்காரரு வண்டிய தட்டோ தட்டுன்னு தட்டுனாரு. ஒயரைக் கழட்டுன அப்பறமும் உடனே எடுக்காம சும்மா உக்காந்திருந்தாரு பாருங்க, சட்டையெல்லாம் நனைய நனைய, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. சோம்பேறித்தனம்லாம் இல்ல.

நீங்க காலை நல்லா நீட்டிக்குங்க. நான் ஜன்னலோட ஒட்டிக்கறேன். பாவம், இப்படி வீங்கிப் போயிருக்கே. எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு நீங்களும் இறங்க வேண்டாம். வேற பஸ் அனுப்பறாங்களாம், வரட்டும், அப்ப ஏறிக்கலாம். பையா? இல்ல இல்ல, கனமே இல்ல, மடியிலயே இருக்கட்டும். சாப்பாட்டு டப்பாதான். ரெண்டு. ஆமா, ரெண்டுதான். காலி டப்பா.

எப்படி நின்னுச்சுன்னா கேக்கறீங்க. அதை எப்படிச் சொல்றது... இந்தப் பாலம் ஏறறதுக்கு முன்னாடி நான் எட்டிப் பாத்தேம்மா. முன்னாடி ஸ்கிரீன்ல முப்பத்தெட்டு இருந்துச்சு. நூத்துக்கு முப்பத்தெட்டு. தாராளமாப் போய்ச் சேரலாம், திரும்பி டிப்போவுக்கும் வரலாம். பாதிப் பாலம் ஏறுச்சு, ஒரு குலுக்கு, முப்பத்தெட்டு ஒரே குதியா ஜீரோ. அவ்வளவுதான். இப்பப் போய்ப் பாத்தா ஜீரோதான் தெரியும். அந்த செக்கர் வந்ததும் வராததுமா செல்போன்ல படம் புடிச்சாரு பாருங்க, அந்த ஜீரோவைத்தான். காலியாகற வரைக்கும் பாக்காம ஓட்டிட்டு வந்துட்டான்னு எழுதிடுவாரு. முப்பத்தெட்டைப் பாத்தது டிரைவரும் நானும் மட்டுந்தான்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நானும் பேட்டரி வேலைதாம்மா. இந்த பஸ்ஸுக்கெல்லாம் பேட்டரி செஞ்சு குடுக்கற இடத்துல, டெஸ்ட் ரூம்ல. சாயங்காலம் தினமும் இதே வண்டிலதான் வீட்டுக்கு. அய்ய, நான் எங்க செஞ்சேன், அங்க ஒரு ஊரே இருக்கு. ஒருத்தர் கருப்புத் தூளைக் கலக்கறாங்க, ஒருத்தர் தகட்டுல பூசறாங்க, ஒருத்தர் சுருட்டி டப்பால அடைக்கறாங்க. நான் கடைசில உக்காந்து ஏத்தி இறக்கிப் பாக்கற ஆளு. சார்ஜ் ஏத்தறது, இறக்கறது, மறுபடி ஏத்தறது, இறக்கறது. எங்க மாமியார் கேப்பாங்க, இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறான்னு.

பாருங்க, பாருங்க, அந்தக் கூலிங் கிளாஸ்காரரு திரும்ப ஆரம்பிச்சுட்டாரு. செக்கர்கிட்ட கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாரு. டிரைவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கறாரு. கையைப் பேன்ட்ல தொடைச்சுக்கிட்டு நிக்கறாரு. போன மாசமும் இதே மாதிரி ஒரு தடவை நின்னுச்சும்மா, இதே வண்டி, இதே ஆளு. அப்ப கண்டிச்சு விட்டாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா ஸ்டியரிங்ல கை வைக்க விடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. டிப்போல வண்டி கழுவப் போட்டுடுவாங்க. கழுவறது கேவலம் இல்ல, நான் அப்படிச் சொல்லல. ஆனா வண்டி ஓட்டறதைத் தவிர வேற எதையும் ஆசைப்படாத மனுஷன். இதெல்லாம்... தினமும் வர்றேன்ல, காதுல விழும்.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். சார்ஜ் காட்டற முள்ளு எப்படிப் பொய் சொல்லும்னுதானே? இப்பல்லாம் முள்ளு எங்க இருக்கு, நம்பர்தான். ஆனா டிரைவருங்க எல்லாரும் முள்ளுன்னுதான் சொல்வாங்க.

நீங்க துணி தேய்ப்பீங்கல்ல? இஸ்திரிப் பெட்டில சின்னதா ஒரு லைட்டு இருக்கும். சூடு ஏறி ஒரு அளவுக்கு வந்தா டக்குன்னு அணையும். அப்பறம் ஆற ஆரம்பிக்கும். லேசா ஆறுன உடனே திரும்ப எரியுமா? எரியாது. நல்லா கீழ இறங்குன அப்பறந்தான் எரியும். அப்ப நடுவுல ஒரு சூடு இருக்கு பாருங்க. அந்தச் சூட்டுல லைட்டு எரியுமா எரியாதான்னு நான் கேட்டா என்ன சொல்வீங்க? அதேதான். ஏறி வந்துச்சுன்னா எரியும், இறங்கி வந்துச்சுன்னா எரியாது. சூடு ஒண்ணுதான். எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம பதில் சொல்ல முடியாது. நீங்க சட்டுனு புடிச்சுக்கிட்டீங்க. எங்க ரூம்ல புதுசா சேர்றவங்களுக்கு இதை நான் ரெண்டு நாள் சொல்லணும்.

பேட்டரியும் அந்த மாதிரிதான். உள்ள எவ்வளவு இருக்குன்னு தொறந்து பாக்க முடியாது, தண்ணித் தொட்டியா எட்டிப் பாக்க? வெளியில நின்னுக்கிட்டு வோல்டேஜுன்னு ஒண்ணை அளக்கலாம், அவ்வளவுதான். அதை வெச்சு, இவ்வளவு வோல்டேஜ் இருந்தா உள்ள இவ்வளவு இருக்கும்னு ஒரு கோடு போட்டு வெச்சிருப்போம். இதுல என்ன வம்புன்னா, காலியாகிட்டே இறங்கறப்ப ஒரு கோடு. ஏத்திக்கிட்டே போறப்ப இன்னொரு கோடு, கொஞ்சம் மேல. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரவே உக்காராது. அதுக்கு ஹிஸ்டரிசிஸ்னு பேரு. கேட்டா ஏதோ வியாதி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துல காந்தப் பாடத்துல தயக்கம்னு போட்டிருப்பாங்க, நாங்கள்லாம் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணது.

ஏன் உக்காராதுன்னா... உங்க செருப்பையே எடுத்துக்குங்க. காலைல சுலபமா போட்டிருப்பீங்க, இப்ப கழட்டி வெச்சிருக்கீங்க, திரும்பப் போடறதுக்குள்ள உயிர் போகும். அழுத்தி அழுத்தித்தான் போடணும். கழட்டறப்பவும் சும்மா வராது, இழுக்கணும். கால் பாதி உள்ள இருக்குன்னு வைங்க. போடறப்பவும் அந்தப் பாதி வரும், கழட்டறப்பவும் அந்தப் பாதி வரும். ஆனா ஒரு தடவை அழுத்திக்கிட்டு இருப்பீங்க, ஒரு தடவை இழுத்துக்கிட்டு இருப்பீங்க. காலைப் பாக்காம, கைல எவ்வளவு வலு குடுக்கறீங்கன்னு மட்டும் பாத்துட்டு, கால் எவ்வளவு உள்ள போயிருக்குன்னு ஒருத்தரைச் சொல்லச் சொன்னா? தப்பாத்தான் சொல்வாங்க. பேட்டரிக்குள்ள இருக்கற தூளும் சார்ஜ் ஏறுனா வீங்கும்மா. இறங்குனா சுருங்கும். அதுக்கும் அழுத்தம் இருக்கு, இழுப்பு இருக்கு. ஜடம்னு நினைக்கறோம், ஆனா அதுக்கும் வந்த வழி ஞாபகம் இருக்கு.

சிரிக்காதீங்க, உங்க காலை வெச்சுப் பாடம் நடத்தறேன்னு. எங்க ரூம்ல செருப்புன்னா எல்லாருக்கும் புரியும்.

சரி, இப்ப இந்த வண்டிக்கு வாங்க. ராத்திரியெல்லாம் முழுசா ஏத்துவாங்க, பகல்ல ஓட ஓட இறங்கும். அப்படித்தான் முன்னாடி இருந்துச்சு. அதுக்கு இறங்கற கோடு ஒண்ணு போதும். எங்க ரூம்லயும் அப்படியேதான் பாத்தோம், முழுசா ஏத்து, முழுசா இறக்கு, கோட்டைப் போடு. நடுவுல பாதில ஏத்திப் பாதில எடுத்து யாரும் பாக்கல. அதுக்கு நேரம் புடிக்கும், மிஷினு காலியா கிடைக்காது, அதெல்லாம் இருக்கு. அப்பறம் டிப்போக்காரங்க ட்ரிப்பை அதிகமாக்குனாங்க. ராத்திரி ஏத்துனது சாயங்காலம் வரைக்கும் தாங்கல. அதனால ஸ்டாண்டுல நிக்கறப்ப கொஞ்சம் கொஞ்சம் ஏத்திக்கோன்னு ஒயர் குடுத்தாங்க. அங்கதான் வம்பு புடிச்சுது. கொஞ்சமா ஏத்துனா வோல்டேஜ் மேல் கோட்டுக்குப் போயிடும். முள்ளு படிக்கறதோ கீழ் கோட்டை. அப்ப இருக்கறதை விட அதிகமா இருக்குன்னு சொல்லும். இருக்கறது பன்னெண்டு, சொல்றது முப்பத்தெட்டு. பாவம், அந்த மனுஷன் அதை நம்பி பாலம் ஏறுனாரு. ஏத்தத்துக்கு அந்தப் பன்னெண்டு தாங்கல.

கேள்வி நல்ல கேள்விம்மா. உள்ள போறது வெளிய வர்றதை எண்ணிக்கிட்டே இருக்கலாமேன்னு கேக்கறீங்க. எண்ணுதே, முள்ளு எண்ணத்தான் செய்யுது. பஸ் வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி, ஏறுனது எத்தனை இறங்குனது எத்தனைன்னு எண்ணச் சொன்ன மாதிரி. ஆனா அந்த ஆளு நாள் முழுக்க எண்ணுனா ஒண்ணு ரெண்டு விடுவான்ல? அதனால வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்னுச்சுன்னா, எண்ணுனதைத் தூக்கிப் போட்டுட்டு, வோல்டேஜை ஒரு தடவை பாத்துக் கணக்கைத் திருத்திக்கோன்னு வெச்சிருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் வெச்சாங்க.

போன மாசம் நின்னப்ப என்னாச்சுன்னா, சார்ஜ் ஏத்துன கையோட முள்ளு வோல்டேஜை எட்டிப் பாத்துடுச்சு. கூட்டம் ஏறுறப்ப பாத்திருப்பீங்களே, எல்லாரும் வாசப் படியிலயே முட்டிக்கிட்டு நிப்பாங்க. வெளியிலேர்ந்து பாத்தா வண்டி ரொம்பிடுச்சுன்னு தோணும், உள்ள பாத்தா பாதி சீட்டு காலியா இருக்கும். கொஞ்ச நேரம் போனா உள்ள நகந்து சரியாயிடும். பேட்டரிலயும் அப்படி ஒரு கூத்து இருக்கு. அதுதான் காரணம்னு நினைச்சாங்க. அதனால பத்து நிமிஷம் கழிச்சு எட்டிப் பாருன்னு மாத்துனாங்க. டிரைவர் முன்னாடி ஒரு மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, இங்கேர்ந்தே தெரியுது பாருங்க. சார்ஜ் ஏற்றிய பின் பத்து நிமிடம் வண்டியை இயக்காமல் காத்திருக்கவும். அதான் இவரு வேர்த்து ஊத்த உக்காந்திருந்தாரு. நீங்கள்லாம் கத்துனப்ப.

ஆனா அது காரணம் இல்லம்மா. படியில நின்ன கூட்டம் நகந்துடும், அது நிஜம். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளி இருக்கே, அது நகராது. பத்து நிமிஷம் இல்ல, விடிய விடிய வெச்சாலும் அப்படியே நிக்கும். அழுத்தி மாட்டுன செருப்பு காத்திருந்தா தளர்ந்துடுமா? இன்னும் கேட்டா, காத்திருக்காம உடனே எடுத்திருந்தா எண்ணுற கணக்காவது மிஞ்சியிருக்கும். பன்னெண்டுன்னு உண்மையைச் சொல்லியிருக்கும். அவரும் இன்னும் கொஞ்சம் ஏத்திட்டு வந்திருப்பாரு. காத்திருந்ததுனாலதான் அது கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு பொய்யை எடுத்துக்கிச்சு. ஸ்டிக்கர்ல போட்டதை ஒரு எழுத்து விடாம செஞ்சாரு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பாலத்துல நிக்கறாரு.

யாரு நினைச்சாங்களா? எங்க ரூம்லதான்... இல்ல, ரூம்ல எல்லாரும்னு சொல்ல முடியாது. சரி. நான்தாம்மா. அந்த ஸ்டிக்கர் வாசகம் நான் எழுதுனதுதான். இயக்காமல் காத்திருக்கவும். நல்ல தமிழ்ல எழுதியிருக்கேன் பாருங்க. முள்ளும் நான் செஞ்சதுதான்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. இல்ல, பாருங்க, பாக்க வேண்டியதுதான்.

முன்னாடி இருந்த முள்ளு ஆடும்மா. பாலம் ஏறுனா இருபது, இறங்குனா நாப்பது, பிரேக் போட்டா அம்பது. டிரைவருங்க எல்லாம் தலையில அடிச்சுக்குவாங்க. இதை நம்பறதுக்கு கிளி ஜோசியம் பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, எங்க வீட்டு வரைக்கும் அந்தப் பேச்சு வந்துச்சு. அப்பறம் நான் உக்காந்து இதைச் செஞ்சேன். ஆடாம நிக்கற முள்ளு. டிப்போல வெச்சு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டுனோம். கை தட்டுனாங்க. எனக்கு யாரும் அப்படிக் கை தட்டுனதில்ல. எங்க மேனேஜர், வணக்கம் சொன்னாக் கூட தலையை ஆட்டாத ஆளு, என் பேரைச் சொல்லிப் பேசுனாரு. தலைகால் புரியல எனக்கு. வீட்ல அன்னிக்கு சமையல்ல உப்பு போட்டேனா இல்லையான்னு கூடத் தெரியல, போடலன்னு மறுநாள்தான் மாமியார் சொன்னாங்க.

முள்ளு ஆடலன்னா அது உண்மை சொல்லுதுன்னு எல்லாரும் நம்பிடுறாங்க. நானே நம்பிட்டேனே.

இந்த இடைவெளி விஷயம் எனக்கு முந்தாநேத்துத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சுதுன்னா, ஒரு சந்தேகத்துல பாதில ஏத்தி, பாதில நிறுத்தி, விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலைல வந்து பாத்தா வோல்டேஜ் அசையல. அங்கயே நிக்குது. ஒயரைக் கழட்டி மறுபடி மாட்டிப் பாத்தேன், அப்பவும் அதேதான். பக்கத்துல இருந்த பொண்ணு என்னக்கா ஆச்சுன்னு கேட்டா. ஒண்ணும் இல்ல, தலைவலின்னு சொன்னேன். நேத்து சொல்லியிருக்கலாம். இன்னிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லல. திங்கக்கிழமை சொல்லிக்கலாம், அதுக்குள்ள எதுவும் ஆயிடாதுன்னு ஒரு நினைப்பு. அந்த ஸ்டிக்கரை மட்டும் கிழிச்சுப் போட்டிருந்தாலே போதும். நகத்தால சுரண்டுனா வந்துடும். ரெண்டு நாளா இதே சீட்டுல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே வர்றேன்.

ஏன்னா கேக்கறீங்க? ஏன்னு... உள்ள இருக்கற தூளைப் பத்தி இன்னொண்ணு சொல்வாங்கம்மா. கோடி கோடியா துகள் இருக்கும். எல்லாமே மாறறதுக்குத் தயாராத்தான் இருக்கும், ஆனா ஒண்ணும் மொதல்ல மாறாது. மீட்டிங்ல பாத்திருப்பீங்க. முடிஞ்சு போச்சு, எல்லாருக்கும் எழுந்து போகணும். ஆனா மொத ஆளா எழுந்திருக்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கறவரைப் பாப்பாங்க, செருப்பைத் தடவுவாங்க, உக்காந்தே இருப்பாங்க. ஒருத்தர் எழுந்துட்டா போதும், மடமடன்னு எல்லாரும் எழுந்துடுவாங்க. உக்கார்றப்பவும் அதே கதைதான், மொதல்ல உக்கார மாட்டாங்க. அதனாலதான் போறதுக்கு ஒரு கோடு, வர்றதுக்கு ஒரு கோடு. எல்லாத்துக்கும் அந்த மொத ஆளுதான் கஷ்டம். நான் இதை எத்தனையோ பேருக்குச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன்.

செக்கர் என்னமோ கேக்கறாரு. இருங்க, கொஞ்சம் கேக்கறேன்.

கேட்டுச்சா உங்களுக்கு? சார்ஜ் போட மறந்துட்டேன்னு சொல்றாரு. என்ன மனுஷன் இவரு. நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன், இந்த பஸ்ல இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க, ஒயரை மாட்டிட்டு நின்னதை. முப்பத்தெட்டு காட்டுச்சு சார், முள்ளு தப்பு சார்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், செக்கர் டிப்போவுக்கு போன் போடுவாரு, டிப்போ எங்க ஆபீசுக்குப் போடும், விஷயம் என் மேஜைக்கு வந்து நிக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டேங்கறாரு. போன தடவையும் சொல்லல. மறந்துட்டேன், என் தப்புதான்னு சொல்லிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே, இன்னிக்கு வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சுன்னு மட்டும் சொன்னாரு. நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

ஆமாம்மா. எங்க வீட்டுக்காரருதான்.

ரெண்டு டப்பா ஏன்னு கேட்டீங்கல்ல, ஒண்ணு அவரோடது. ஸ்டாண்டுல நான் ஏறுறப்ப குடுத்துடுவாரு, கழுவி எடுத்துட்டு வர்ற வேலை என்னோடது. இன்னிக்கு டப்பாவைக் குடுத்துட்டு ஸ்டிக்கரைக் காட்டி, பத்து நிமிஷம் இருக்கணும், வீட்டம்மா உத்தரவுன்னு சிரிச்சாரு. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? நானும் சிரிச்சேன். இருக்க வேண்டாம், வண்டிய எடுங்கன்னு சொல்லியிருக்கலாம். நாலே நாலு வார்த்தை. சொன்னா ஏன்னு கேப்பாரு. டிப்போ முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரும்மா, இது எங்க வீட்டம்மா செஞ்ச முள்ளு, ஆடாது, பொய் சொல்லாது, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்னு. டீ குடிக்க வர்றவங்க கிட்டல்லாம் சொல்வாரு. எனக்கு வெக்கமா இருக்கும், சும்மா இருங்கன்னு சொல்வேன், உள்ளுக்குள்ள குளுந்து போகும். அந்தப் பெருமையை அவரு முகத்துலேர்ந்து நானே எடுக்கணுமான்னுதான் ரெண்டு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். அவருக்காகன்னு சொல்லிக்கிட்டேன். எனக்காகத்தாம்மா.

வண்டி நின்ன உடனே மேல இருக்கற கண்ணாடில ஒரு தடவை பின்னாடி பாத்தாரு. நீங்க உங்க பொண்ணுக்கு போன் பண்ணிட்டு இருந்தீங்க. என்னைத்தான் பாத்தாரு. ஜீரோ வந்தப்பவே அவருக்குப் புரிஞ்சு போச்சு, முள்ளுதான் தப்பு, அதைச் சொன்னா வீட்டம்மா பேரு கெடும்னு. அதுக்கப்பறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல பாருங்க. இவ்வளவு நேரமா நிக்கறாரு, ஒரு தடவை கூட இந்த ஜன்னலைப் பாக்கல. பாத்தா நான் இறங்கி வந்துடுவேனோன்னு பயம்.

நான் உங்ககிட்ட இஸ்திரிப் பெட்டி, செருப்புன்னு கதை அளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

செக்கர் பேனாவை எடுத்துட்டாரு, எழுதறதுக்குள்ள நான் போய்ச் சொல்லணும். கொஞ்சம் காலை அந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்கறீங்களா? மெதுவா, மெதுவா, அவசரம் வேண்டாம், வலிக்கப் போகுது. ஆங், போதும், நான் தாண்டிக்கறேன். இந்தப் பையை மட்டும் பாத்துக்குங்க. வேற பஸ் வந்துட்டா என்னைப் பாக்காதீங்க, சீட்டு மேலயே வெச்சுட்டு நீங்க ஏறிக்குங்க.

என்னம்மா? வீட்டுக்காரரா? இல்ல, கோவிச்சுக்க மாட்டாரு. ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. திட்டுனாக் கூடப் பரவால்லயே.